பிளக் பாயின்ட்டுகளை மூடிய தகரத்தை அகற்றுங்கள்

நீலகிரி மலையில் உள்ள எங்கள் ஊரின் நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்:

பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்தின் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டுகள் அனைத்தையும் தகரத் தகடு வைத்துத் திருகி மூடிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இரவில் கண்டவர்களும் வந்து போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், சீசன் நெருங்குகிறது" என்று பதில் வந்தது. அதே வாரத்தில், வீடற்றவர்களுக்காக நீங்கள் நடத்தும் இரவு தங்குமிடத்தில் ஒரு புதிய நடைமுறை தொடங்கியது. ஆதார் எண்ணைச் சொல்லி, போனுக்கு வரும் ஓடிபியையும் சொன்னால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் பாயும் கம்பளியும் கிடைக்கும். போனில் சார்ஜ் இருக்கவும் விடமாட்டோம், சார்ஜ் உள்ள போன் இல்லாமல் உள்ளே விடவும் மாட்டோம் என்று ஒரே அலுவலகம் சொன்னால் ஒரு மனிதர் எங்கே போவார்?

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. தகரம் அடிக்கச் சொன்னவர்களுக்கு எந்த ஊர் என்று தெரியும். மலையின் மற்ற ஊர்களுக்கும் இந்த யோசனை பரவிவிடக்கூடாது என்பதால்தான் மனுவாகக் கொடுக்காமல் பொதுவில் எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, பி.எஃப்., பான் கார்டு என்று ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் வீடில்லாதவர்கள் கணிசமாக உண்டு. பகலில் அவர்களை உங்களால் அடையாளம் காண முடியாது. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், லாட்ஜில் போர்வை துவைக்கிறவர், சீசனில் சோளம் சுட்டு விற்கிற பெண், திருமண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்க வந்தவர் என்று எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். கடைசி பஸ் கிளம்பிய பிறகும் யார் அங்கேயே இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

அவர்கள் கையில் போன் இருப்பதைக் கண்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. உறுப்பினர் ஒருவரே என் கடையில் நின்றுகொண்டு, "தங்க இடமில்லை என்கிறார்கள், கையில் பார்த்தால் டச் போன்" என்றார். கண்ணாடி விரிசல் விட்ட பழைய டச் போனை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிட முடியும். இந்த ஊரில் ஒற்றை அறைக்குக் கேட்கும் அட்வான்ஸ் அதைப்போலப் பல மடங்கு. அதுவும் சீசனில் நாள் வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், மாத வாடகைக்கு அறை கிடைப்பதே அரிதாகிவிட்டது. போனை விற்றுவிட்டால் அறை கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை அறை தேடிப் பார்க்க வேண்டும். போனை விற்றால் போவது வேறு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் வரும் ஓர் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. சிறுமியாகக் கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு மலைக்கு வந்தவர். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு, அதாவது தோட்டம் தரும் வரிசை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலை செய்தால் வீடு தங்கும். அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். கணவர் இறந்துவிட்டார். மருமகளோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவர், தெரிந்த ஊர் இதுதான் என்று இங்கேயே இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவர் இந்த மலையில் வீடில்லாமல் போவதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. குடித்து அழிந்தவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் என்று உங்கள் கூட்டங்களில் பேசப்படுகிறவர்களில் இந்த அம்மாவும் ஒருவர்.

அவருக்கு வருவது பி.எஃப். ஓய்வூதியம். 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதுதான் அவருக்கும் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்காவிட்டால் அதுவும் நின்றுபோகும். கைரேகை வைத்துச் சான்று எடுக்கலாம் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கறையும் காய்ப்பும்தான் இருக்கின்றன. எந்திரம் திரும்பத் திரும்ப "பொருந்தவில்லை" என்றது. 2021-இலிருந்து முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி வந்திருக்கிறது. அதற்கு டச் போன் வேண்டும். கூடவே, போன் எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். அவர் என் கடைக்கு வந்தது கூடத்தின் பிளக்குகள் மூடப்பட்ட பிறகு. ஓடிபி போக வேண்டிய போன் அணைந்து கிடந்தது. என் கடையில் சார்ஜ் போட்டு, போன் விழித்து, சிக்னல் கிடைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி ஒருவழியாக முடித்தோம். என் கடை ஞாயிற்றுக்கிழமை இல்லை, இரவில் இல்லை. என் கடையை நம்பி நகராட்சி ஒரு கூடத்தை மூட முடியாது.

இன்னொருவர் கேரட் தோட்டங்களுக்கு அறுவடைக்குப் போகிறவர். நாளை எந்தத் தோட்டம், எத்தனை ஆள், வண்டி எங்கே நிற்கும் என்பதை மேஸ்திரி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் போனில் சொல்வார். மார்க்கெட் விலையைப் பார்த்துத்தான் அறுவடையை முடிவு செய்வார்கள் என்பதால் அதற்கு முன் அவருக்கே தெரியாது. விடியும் முன் பிக்கப் வண்டி வந்துவிடும். இரவில் போன் அணைந்திருந்தால் மேஸ்திரி அடுத்த ஆளை அழைத்துவிடுவார். அன்று கூலி இல்லை. இரண்டு முறை இப்படியானால் மேஸ்திரி அந்த எண்ணையே மறந்துவிடுவார். உழைத்துப் பிழைக்கட்டும் என்று சொல்கிறீர்களே, அந்த உழைப்பு அவரிடம் வந்து சேர்வது அந்த போன் வழியாகத்தான்.

கூலியும் இப்போது போனில்தான் வருகிறது. பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திறந்தவெளியில் தூங்குவதைவிட அது பாதுகாப்பு என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் போனே திருடு போகிறது. அதனால் சட்டைக்குள், வயிற்றோடு அழுத்தி வைத்துக்கொண்டு குப்புறப் படுக்கிறார்கள். பெண்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமலேயே இருக்கிறார்கள். ஆதார், மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் நான்தான் படம் எடுத்து அவர்கள் போனில் வைத்துக்கொடுக்கிறேன். ஏனென்றால் காகிதம் மழையில் கரைகிறது, பையோடு காணாமல் போகிறது, தூய்மைப் பணி என்று அதிகாலையில் மூட்டை முடிச்சுகளை அள்ளிக்கொண்டு போகும் உங்கள் வண்டியிலும் போகிறது. இந்த மலையில் ஆண்டில் பாதி மழையும் மூடுபனியும். இதில் ஒரு காகிதத்தை எங்கே காப்பாற்றி வைப்பது?

போன் தொலைந்தால் என்ன ஆகிறது என்பதையும் கேளுங்கள். புதிய சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டையின் படம் தொலைந்த போனில் இருக்கிறது. தொலைந்த போனை முடக்க காவல் நிலையத்தில் புகார் கொடுத்த சான்றும், ஓடிபி வாங்க வேறொரு எண்ணும் வேண்டும். வேறொரு எண்ணுக்கு எங்கே போவது? இதற்கிடையில் நாள் ஓடுகிறது. 90 நாட்கள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம். சில காலம் கழித்து அதை வேறொருவருக்கும் கொடுத்துவிடலாம். அதன் பிறகு இவருடைய வங்கிக் கணக்குக்கான ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குப் போகிறது. இவர் தன் சொந்தப் பணத்துக்கு அந்நியர் ஆகிவிடுகிறார். ரீசார்ஜும் பெரும்பாலும் மாதக் கணக்கில் இல்லை, 28 நாள் கணக்கில் ஓடுகிறது. ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டும். மழை பிடித்துக்கொண்டு வேலை இல்லாத நாட்களில் அந்தத் தேதி வந்தால், சோறா ரீசார்ஜா என்று கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கு பிடிபடாமல் திண்டாடும்போது புரோக்கர்கள் வருகிறார்கள். "உன் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடு, ஒரு கணக்குத் தொடங்கிக் கொடு, பணம் தருகிறேன்" என்கிறார்கள். ஒருவர் பெயரில் 9 சிம் வரை வாங்கலாம் என்பதை என்னைவிட அவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஐந்நூறுக்கோ ஆயிரத்துக்கோ கைமாறிய கணக்கில் யாரையோ ஏமாற்றிய பணம் வந்து போகும். போலீஸ் தேடி வருவது கூடத்துப் பெஞ்சில் படுத்திருப்பவரை. இப்படி மாட்டிக்கொண்ட ஓர் இளைஞருக்காக நான் காவல் நிலையம் வரை போயிருக்கிறேன். கையெழுத்துப் போட்டபோது அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. விவரம் சொல்லிக்கொடுக்க ஓர் இடமும் ஓர் ஆளும் இருந்திருந்தால் புரோக்கருக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் இங்கே உறைபனி விழுகிறது. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதை நீங்களும் உங்கள் காரில் வைத்த போனில் பார்த்திருப்பீர்கள். பழைய போனின் பேட்டரி நாற்பது சதவீதம் காட்டிவிட்டு அப்படியே அணைந்துபோகும். மற்ற ஊரில் ஒரு சார்ஜ் ஒரு நாளுக்கு வரும். இங்கே வெளியில் படுப்பவருக்கு இரவைத் தாண்டாது. அந்த இரவில்தான் அவருக்கு டார்ச் வேண்டும். மார்க்கெட் குப்பையைத் தேடி காட்டுமாடு வருகிறது, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் கரடி தெருவிலேயே நடக்கிறது. கழிப்பறைக்குப் போக இருட்டில் எழுந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த போன் வெளிச்சம் என்னவென்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப்பாருங்கள்.

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்குப் போனில் எச்சரிக்கை வரும் ஏற்பாடு இல்லை. இன்றைக்குக் கனமழை என்றால் எல்லோருடைய போனிலும் செய்தி வருகிறது. மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழைக்கச் சொல்கிறார்கள். கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்கிறது. தடுப்புச் சுவருக்கு அடியில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருப்பவரின் போன் மட்டும் அணைந்திருக்கும்படி நாம் செய்துவைத்திருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னது பயன் உள்ள காரியங்களை. பயன் இல்லாததற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பது என் கருத்து. மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒரு பெரியவர் இரவில் பழைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, ஒப்பந்தக்காரர் கைவிட்டுப் போன ஒரு பையன், தான் பெஞ்சில் தூங்குவது தெரியாமல் இருக்க, பேருந்து நிலையத்தின் வெள்ளைச் சுவரைப் பின்னால் வைத்து அம்மாவோடு வீடியோவில் பேசுகிறான். பேத்தியின் படத்தைத் திறந்து திறந்து பார்த்தே சார்ஜைத் தீர்த்துவிடுகிறார் அந்தத் தோட்டத்து அம்மா. நாம் நம் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு செய்வதைத்தானே இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்கிறார்கள்? இதில் எது குற்றம்?

மின்சாரச் செலவு என்றும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஒரு போன் முழுதாகச் சார்ஜ் ஏறச் சுமார் 25 வாட்-மணி மின்சாரம் போதும். ஒரு யூனிட்டில், அதாவது 1,000 வாட்-மணியில், ஏறக்குறைய 40 போன்கள். கூடத்தின் வாசலில் பகலிலும் அணைக்கப்படாமல் எரிகிற விளக்குகளை அணைத்தாலே அந்தக் கணக்கு சரியாகிவிடும். இப்போது அதே சார்ஜுக்குக் கடைகளில் ஒரு போனுக்கு பத்தும் இருபதும் வாங்குகிறார்கள். சில இடங்களில், டீ வாங்கிக் குடித்தால்தான் சார்ஜ். ஊரிலேயே குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஊரிலேயே அதிக விலை கொடுத்து மின்சாரம் வாங்குகிறார்கள்.

பயணிகளுக்கு உட்கார இடமில்லை என்ற புகார் உண்மை. நானே பார்த்திருக்கிறேன். வயர்கள் காலில் தட்டுவதும், ஒரு பிளக்குக்கு நாலு பேர் சண்டை போடுவதும் நடந்தது. அதற்கு வழி, பிளக்குகளைக் கூடத்தின் ஓரமாக ஒரே பலகையில் வைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது. தகரம் அடித்த பிறகு அவர்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை, ஏ.டி.எம். அறைகளுக்கும் மருத்துவமனை வராந்தாவுக்கும் போயிருக்கிறார்கள். அங்கிருந்தும் துரத்தப்படுகிறார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களும், போன் அணைந்து, அறை முன்பதிவைக் காட்ட முடியாமல் என் கடைக்கு வந்து நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓடிபி விஷயத்தில் உங்கள் அலுவலர்கள் சொன்னது, "மேலிடத்து உத்தரவு, போலிப் பெயர்களைத் தடுக்க" என்பது. உறைபனி இரவில் ஒரு பாய்க்காகப் போலிப் பெயரில் வருபவர் யார்? ஆதார் எண் இல்லாதவருக்கு மாற்று அடையாளத்தை ஏற்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே அதன் 7-ஆம் பிரிவில், அரசு தரும் உதவிகளைப் பற்றிச் சொல்கிறது. தேர்தல் ஆணையம் இதைவிட ஒரு படி மேலே போய்விட்டது. வீடற்றவர் வாக்காளராகச் சேர முகவரிச் சான்று கேட்பதில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று அலுவலர் இரவில் நேரில் போய்ப் பார்த்தால் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவில் வெளியில் தூங்கியவர்களைத் தேடிப் போய்த்தான் எண்ணினார்கள்; நாடு முழுவதும் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். அரசு இயந்திரத்தால் இரவில் அவர்களிடம் போக முடியும். நம் தங்குமிடத்தின் வாசலுக்கு அவர்களாகவே வரும்போது ஓர் எண்ணைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம். மலைக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. போன் வழியாக ஒரு பெரிய ஏற்பாட்டை நடத்தும் திறமை இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் திறமையில் சிறிதளவு போதும், நான் கேட்பவற்றைச் செய்ய.

காத்திருப்புக் கூடத்தின் தகரத் தகடுகளை உடனே அகற்றுங்கள். அதற்குத் தீர்மானமோ டெண்டரோ தேவையில்லை. அடுத்ததாக, கூடத்திலும் இரவு தங்குமிடத்திலும் இருபது போன்களாவது ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறும்படி, சிறு பூட்டுப் பெட்டிகளோடு ஒரு பலகை அமையுங்கள். போனைப் பூட்டி வைத்துவிட்டுத் தூங்க முடிந்தால் பாதித் திருட்டு நின்றுவிடும். தங்குமிடத்தில் இரவு ஒன்பதரைக்கு மெயின் சுவிட்சை அணைக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். மேஸ்திரியின் அழைப்பு வரும் நேரம் அது.

தங்குமிடத்தில் ஓடிபி கேட்பதைக் கைவிட்டு, பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். போன் இல்லாதவர், போன் அணைந்துபோனவர், போனைத் தொலைத்தவர் யாரையும் அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிட்டு, அதை வாசலில் ஒட்டுங்கள்.

நகர்மன்ற உறுப்பினர்களே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் படத்தின் மேல் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தால், அது அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்றாக ஏற்கப்படும். அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளரும் கொடுக்கலாம். இதற்குச் செலவு இல்லை. உங்கள் வார்டில் தூங்குகிறவர்களுக்கு மாதம் ஒரு நாள், அறிவித்த இடத்தில் உட்கார்ந்து இந்தக் கையெழுத்தைப் போட்டுத்தாருங்கள். அதே நாளில் சிம் மீட்பு, வங்கியில் எண் மாற்றம், உயிர்வாழ்ச் சான்று ஆகியவற்றுக்கு உதவ நகராட்சி ஊழியர் ஒருவரை அனுப்புங்கள். படிவம் நிரப்புவது, படம் எடுப்பது, ஜெராக்ஸ் எல்லாம் என் கடையின் பொறுப்பு, பணம் வேண்டாம்.

தூய்மைப் பணியின்போது எடுக்கப்படும் பைகளை ஒரு வாரமாவது வைத்திருந்து, உரியவர்கள் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கனமழை எச்சரிக்கை வரும் நாட்களில் போன் செய்தியோடு நின்றுவிடாமல், அவர்கள் தூங்கும் இடங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். அன்றைக்குப் பகலிலும் தங்குமிடத்தைத் திறந்து வையுங்கள்.

இவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதை இந்த மாத நகர்மன்றக் கூட்டத்துக்குப் பிறகு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பதிலின் நகல் ஒன்றைக் காத்திருப்புக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில், அங்கே தூங்குகிறவர்கள் படிக்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துபவர்